குப்பையிற் பிறந்த சந்தை

ஒரு மாநகரத்தை அறிந்துகொள்வதற்கு இரண்டு வழிகள் உள்ளன. அந்நகரம் எவற்றைப் போற்றிக் காத்து வைத்திருக்கின்றது என்று பார்ப்பது ஒரு வழி. எவற்றை வேண்டாமென்று கழித்துவிடுகின்றது என்று பார்ப்பது மற்றொரு வழி. பாரிஸ் மாநகருக்குச் செல்வோர் பெரும்பாலும் முதலாவது வழியையே மேற்கொள்கின்றனர். லூவர் நூதனசாலையையும், நோத்ர தாம் பேராலயத்தையும், ஐஃபெல் கோபுரத்தையும் கண்டு திரும்புகின்றனர். இரண்டாவது வழியிற் செல்ல விரும்புவோர் நகரின் வடக்கு எல்லைக்குப் போதல் வேண்டும். நிலக்கீழ்ப் புகையிரதத்தின் நாலாம் பாதையிற் சென்று கிளிஞாங்கூர் வாயிலில் இறங்கி, நகரைச் சுற்றி ஓடும் பெருஞ்சாலையின் பாலத்துக்குக் கீழாக நடந்தால், சந்துவான் என்னும் அயலூர் வந்துவிடும். உலகத்துப் பழம்பொருட் சந்தைகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று அங்கேதான் கூடுகின்றது.

இச்சந்தைக்கு வழங்கும் பெயர் சற்று விநோதமானது. பிரெஞ்சு மக்கள் இதனைத் ‘தெள்ளுச் சந்தை’ என்கின்றனர். பழைய மெத்தைகளிலும் கம்பளிகளிலும் ஒளிந்திருந்து மனிதரைக் கடிக்கும் அந்தச் சிறு பூச்சியின் பெயரே சந்தையின் பெயராயிற்று. பழந்துணியும் பழந்தளபாடமும் விற்கப்பட்ட இடத்திலே, பணம் கொடுத்து வாங்கிய பொருளுடன் பணம் கொடாமலே கிடைத்த தெள்ளுப்பூச்சியும் வீட்டுக்குப் போயிற்று என்பது ஊரார் தரும் விளக்கம். ஏளனமாக இட்ட பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயரே மொழிபெயர்க்கப்பட்டு உலகெங்கும் பழம்பொருட் சந்தைகளின் பொதுப்பெயராகவும் வழங்குகின்றது. இவ்வேளனப் பெயருக்குப் பின்னால் ஒரு மக்கட்கூட்டத்தின் நீண்ட வரலாறு இருக்கின்றது. அதனை அறியாமற் சந்தையைச் சுற்றிப் பார்ப்பவர் பொருள்களை மட்டும் பார்த்துத் திரும்புவார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்துக் குடியிருப்பாளர் தம் வீட்டுக் குப்பையைத் தெருவிலே கொட்டிவிடுவர். காலையில் வண்டிகள் வந்து அதனை வாரிச் செல்லும். கொட்டுவதற்கும் வாருவதற்கும் இடைப்பட்ட இரவு நேரமே கந்தை பொறுக்குவோரின் வேலை நேரமாகும். முதுகில் ஒரு பிரம்புக் கூடை, ஒரு கையில் முனை வளைந்த இரும்புக் கொளுக்கி, மறுகையில் ஒரு விளக்கு. இம்மூன்றும் அவர்தம் தொழிற்கருவிகள். இருட்டிலே விளக்கொளியுடன் எதையோ தேடி அலைந்த அவர்களை, நிலவைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர் என்று மக்கள் அழைத்தனர். 1828ஆம் ஆண்டிலே பொலிஸ் அதிகாரிகள் இவர்களைப் பதிவு செய்து, அடையாளத் தகடு அணிந்தே தொழில் செய்தல் வேண்டும் என விதித்தனர்.

இவர்கள் பொறுக்கியவற்றுள் வீணானது எதுவுமில்லை. நார்த்துணியாலும் பருத்தித் துணியாலுமான கந்தல்கள் கடதாசி ஆலைக்குப் போயின. மரக்கூழிலிருந்து கடதாசி செய்யும் முறை பரவுமுன்னர், ஐரோப்பாவின் புத்தகங்களும் புதினத்தாள்களும் பெரும்பாலும் கந்தலிலிருந்து செய்த கடதாசியிலேயே அச்சாகின. எலும்புகளிலிருந்து பொத்தான்களும் பசையும் செய்தனர். அவற்றைக் கருக்கிச் சீனியை வெளுக்கப் பயன்படுத்தினர். மகளிர் சீப்பிலிருந்து கழித்த மயிர், பொய்ம்முடி செய்வோரிடம் சென்றது. தகரப் பேணிகள் சிறுவரின் விளையாட்டுப் பொருள்களாக மறுபிறவி எடுத்தன. இன்று ‘மீள்சுழற்சி’ என்று புதிதாகப் பேசப்படும் செயலை எழுத்தறிவற்ற ஏழைகள் பெருந்தொழிலாகவே நடத்தினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தொழிலுள்ளும் படிநிலைகள் இருந்தன. அடித்தட்டில் இருந்தவர் தெருத்தெருவாக ஓடித் திரிந்து கிடைத்ததைப் பொறுக்குவார். அவருக்கு மேற்பட்டவருக்கோ, குறித்த சில வீடுகளின் குப்பையில் உரிமை உண்டு. வாயிற்காவலருடன் ஏற்படுத்திக்கொண்ட உடன்பாட்டினால், குப்பை தெருவுக்கு வருமுன்னரே அதனைப் பார்வையிடுவார். அவ்வுரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும், விலைக்கும் விற்கப்படும். எல்லாருக்கும் மேலே, பொறுக்கியவற்றை நிறுத்து வாங்கி வகைபிரித்து ஆலைகளுக்கு விற்கும் முதலாளி இருந்தார். பொதலேர் என்னும் கவிஞர் இவர்களைப் பற்றிக் கவிதை பாடினார். மனே என்னும் ஓவியர் கந்தை பொறுக்கும் முதியவர் ஒருவரை ஆளுயர ஓவியமாகத் தீட்டினார். கலைஞரின் கண்ணுக்குப் பெருமிதம் உடையவராய்த் தோன்றிய அம்மனிதர், நகர நிருவாகத்தின் கண்ணுக்கு நோய் பரப்புபவராகத் தோன்றினார்.

இந்த இரு பார்வைகளும் முதலில் மோதிக்கொண்டது 1832ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு பாரிஸ் நகரில் வாந்திபேதி நோய் பரவிற்று. குப்பையை விரைந்து அகற்றவேண்டுமென்று கருதிய அதிகாரிகள், மாலையிலும் வண்டிகளை அனுப்பத் தொடங்கினர். பொறுக்குவதற்கான இரவு நேரம் பறிபோயிற்று. பிழைப்பிழந்தோர் கிளர்ந்தெழுந்து அவ்வண்டிகளை உடைத்துத் தீயிட்டனர். சுகாதாரம் ஒருபுறம், வயிறு மறுபுறம். இரண்டும் நியாயமான கோரிக்கைகளே. இவ்வழக்கு அன்று முடியவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னர் இன்னும் பெரிதாகத் தலையெடுத்தது.

1883ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆம் திகதி, சேன் மாகாணத்தின் ஆட்சியாளராயிருந்த யூஜேன் புபெல் என்பவர் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு வீட்டுச் சொந்தக்காரரும் தம் குடியிருப்பாளருக்கு மூடியுடன் கூடிய குப்பைக் கலங்களைக் கொடுத்தல் வேண்டும். அழுகும் பொருளுக்கு ஒன்று, கடதாசிக்கும் கந்தலுக்கும் ஒன்று, உடைந்த பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று என மூன்று கலங்கள். குப்பையை வகைபிரித்தல் என்னும் எண்ணம் அத்துணைப் பழையது. ஆணை கந்தை பொறுக்குவோரை இடியென வந்து தாக்கிற்று. மூடிய கலத்திலே கொளுக்கிக்கு என்ன வேலை? வீட்டுச் சொந்தக்காரர் செலவை எண்ணி முணுமுணுத்தனர். ஏழைகள் வாழ்வை எண்ணிக் கலங்கினர். பத்திரிகைகள் ஆட்சியாளரை எள்ளி நகையாடின. 1884இல் ஆணை சற்றுத் தளர்த்தப்பட்டு, வண்டி வருமுன்னர் கலங்களைக் கிளறிப் பார்க்க இடமளிக்கப்பட்டது. ஆயினும் பழைய காலம் திரும்பவில்லை. அந்த ஆட்சியாளரின் பெயரோ பிரெஞ்சு மொழியிற் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாக இன்றும் நிலைத்துவிட்டது. ‘புபெல்’ என்று கேட்டால் எந்தப் பிரெஞ்சுக் குழந்தையும் தொட்டியைத்தான் சுட்டிக்காட்டும்.

உள்ளே இடமிழந்தோர் எங்கே போயினர் என்பதை விளங்கிக்கொள்ளப் பாரிஸ் நகரின் மதிலைப் பற்றி அறிதல் வேண்டும். 1841ஆம் ஆண்டுக்கும் 1844ஆம் ஆண்டுக்கும் இடையிலே நகரைச் சுற்றி 33 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமான அரண் ஒன்று கட்டப்பட்டது. பகைவர் மறைந்து நிற்க இடமிருத்தலாகாது என்பதற்காக, மதிலுக்கு வெளியே 250 மீற்றர் அகலமான நிலத்தில் நிலையான கட்டடம் எதுவும் எழுப்பக்கூடாதென விதிக்கப்பட்டது. அவ்வளையம் ‘வலயம்’ என்றே பெயர் பெற்றது. கட்டடம் கட்டக்கூடாத அந்நிலத்திலே பலகைக் குடில்களும் சக்கர வீடுகளும் முளைத்தன. வாடகை கொடுக்க இயலாத ஏழைகளும், நாடோடிகளான ஜிப்சி மக்களும், கந்தை பொறுக்குவோரும் அங்கே குடியேறினர். புகைப்படக் கலைஞர் அட்ஜே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களையும், அவர்தம் குடில்களையும், வாயிலிற் குவிந்து கிடந்த கந்தல் மூட்டைகளையும் படமெடுத்து வைத்தமையால், அவ்வாழ்வு இன்று கண்ணாற் காணக் கிடைக்கின்றது.

மதில் இவர்களுக்கு எதிர்பாராத ஓர் உதவியையும் செய்தது. நகர வாயிலைக் கடந்து உள்ளே செல்லும் மதுவுக்கும் உணவுக்கும் தீர்வை அறவிடப்பட்டது. வெளியே தீர்வை இல்லை. ஆதலின் மது மலிவு. ஞாயிற்றுக்கிழமைகளிற் பாரிஸ் நகரத்துத் தொழிலாளர் குடும்பத்துடன் மதிலுக்கு வெளியே வந்து, மலிவான மதுவருந்தி, பாட்டுக் கேட்டுப் பொழுதுபோக்குவது வழக்கமாயிற்று. அவர்கள் வரும் வழியிலே, கந்தை பொறுக்குவோர் வாரம் முழுவதும் சேர்த்தவற்றுள் நல்லனவற்றை நிலத்திலே பரப்பி வைத்தனர். காலொடிந்த கதிரை, கைபிடி இல்லாத கோப்பை, ஓடாத மணிக்கூடு, ஒற்றைச் சப்பாத்து. நிறுத்து விற்றால் ஒரு சதம் பெறும் பொருள், கண்ணுள்ளவன் கையிற் பத்துச் சதம் பெறும் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். கடதாசி ஆலைகள் மரக்கூழுக்கு மாறிக் கந்தலின் விலை வீழ்ந்த காலமும் அதுவாயிருந்தமையால், இவ்வறிவு அவர்களுக்கு உயிர்காக்கும் அறிவாயிற்று.

1885ஆம் ஆண்டிலே சந்துவான் நகரசபை அப்பகுதித் தெருக்களைத் துப்புரவாக்கி, கடை பரப்புவோரிடம் கட்டணம் அறவிடலாயிற்று. கட்டணம் என்பது சுமைதான். ஆயினும் கட்டணம் செலுத்துபவனை எவரும் எளிதில் விரட்ட முடியாது. ஆகவே அவ்வாண்டே சந்தையின் பிறந்த ஆண்டாகக் கொள்ளப்படுகின்றது. 1908இல் நிலக்கீழ்ப் புகையிரதம் கிளிஞாங்கூர் வாயில்வரை வந்தது. நகரத்தார் கூட்டமாக வந்து இறங்கினர். முதலாம் உலகப்போருக்குப் பின்னர் நிலத்தின் சொந்தக்காரர் சிலர் இதன் பயனை உணர்ந்தனர். 1920இல் வெர்னேசோன் என்பவர் தம் நிலத்திலே சிறு கொட்டில்களை அமைத்து வாடகைக்கு விட்டார். 1925இற் பிரோன் சந்தை தோன்றிற்று. 1938இற் கூரையுடன் கூடிய ஜூல் வலேஸ் சந்தை எழுந்தது. பின்னர் 1977இற் செர்ப்பேற், 1991இல் இரும்பும் கண்ணாடியும் கொண்டு இரு தட்டாய் அமைந்த டோபீன் எனப் பல சந்தைகள் ஒன்றையொன்று ஒட்டி வளர்ந்தன. இன்று சந்துவான் சந்தை என்பது பன்னிரண்டுக்கு மேற்பட்ட சந்தைகளின் தொகுதியாகும். ஏறக்குறைய 7 ஹெக்டேர் பரப்பிலே, சனி, ஞாயிறு, திங்கள் ஆகிய மூன்று நாட்களில் அது களைகட்டுகின்றது.

முதன்முறை செல்பவர் ஏமாற்றமடைவது இயல்பு. புகையிரத நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணிற்படுவன புதிய சப்பாத்துக்களும், தோற்சட்டைகளும், கைத்தொலைபேசி உறைகளுமே. அவற்றைக் கடந்து, பெருஞ்சாலைப் பாலத்துக்கு அப்பால் ரொசியே தெருவை அடைந்த பின்னரே உண்மையான சந்தை தொடங்குகின்றது. அத்தெருவின் இருமருங்கும் ஒவ்வொரு சந்தைக்கும் தனித்தனி வாயில் உண்டு. தனித்தனிக் குணமும் உண்டு. வெர்னேசோன் சந்தையில் ஒழுங்கைகள் வளைந்து நெளிந்து செல்லும். மணிகள், பொத்தான்கள், பின்னற்சரிகை, பூட்டுச் சாவிகள், பொம்மைகள் எனக் கைக்குள் அடங்கும் பொருள்கள் அங்கே மிகுதி. பிரோன் சந்தையிற் பதினெட்டாம் நூற்றாண்டுத் தளபாடங்களும் தொங்கு விளக்குகளும் அரண்மனை அறைபோல் அடுக்கப்பட்டிருக்கும். போல் பேர் சந்தையின் திறந்த வெளியிலே, சென்ற நூற்றாண்டின் உணவுச்சாலைக் கதிரைகளும் மருத்துவமனை விளக்குகளும் தொழிற்சாலை மேசைகளும் காணப்படும். நேற்றுவரை பழைய இரும்பாய் இருந்தவை இன்று செல்வர் வீட்டு வரவேற்பறைக்குப் போகின்றன.

இப்பொருள்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் மரண வீடுகளிலிருந்து வருகின்றன. வீட்டு முதியவர் மறைந்தபின் பிள்ளைகள் வேண்டியதை எடுத்துக்கொள்வர். எஞ்சியதை ஒட்டுமொத்தமாக அகற்றுவதற்கென்றே தொழிலாளர் உள்ளனர். அவர்கள் வண்டியில் ஏற்றியது விடியற்காலையில் வியாபாரிகளுக்குக் கைமாறும். பொதுமக்கள் வருமுன்னர், கையில் மின்சூளுடன் வியாபாரிகள் தமக்குள்ளே வாங்கி விற்று முடித்துவிடுவர். 1852இல் திறக்கப்பட்ட துறுவோ ஏலசாலையிலிருந்து வருவனவும் உண்டு. ஒரே மேசை ஒரே நாளில் மூன்று கை மாறி, மூன்று விலை ஏறிவிடுதலும் கூடும். இவற்றிடையே எவருக்கும் தேவைப்படாமல் எஞ்சி நிற்பவை சில உள்ளன. பெயர் எழுதப்படாத புகைப்படத் தொகுதிகள், நாடாக் கட்டிய கடிதக் கட்டுகள், பாடசாலைப் பரிசுப் பதக்கங்கள். திருமணக் கோலத்தில் நிற்கும் ஒரு தம்பதியின் படம் சில்லறைக் காசுக்கு விற்கப்படுவதைக் காண்பவர், விலை குறைந்த பொருள் எல்லாம் மதிப்புக் குறைந்த பொருளன்று என்பதை உணர்வார்.

சந்தையிலே உலாவுவதற்குப் பிரெஞ்சு மொழியில் ஒரு தனி வினைச்சொல்லே இருக்கின்றது. ‘ஷினே’ என்பர். பழம்பொருள்களிடையே, இன்னது வேண்டும் என்ற முடிவின்றி, கிடைப்பதைக் கண்டுகொள்ளும் கண்ணுடன் சுற்றித் திரிதல் என்பது அதன் பொருள். 1934ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் எழுத்தாளர் அந்திரே பிரெத்தோனும் சிற்பி ஜியாகொமெத்தியும் இவ்வாறு இச்சந்தையிற் சுற்றினர். சிற்பியின் கண் உலோகத்தாலான ஒரு விசித்திர முகமூடியிற் பதிந்தது. தாம் முடிக்க இயலாமல் வைத்திருந்த ஒரு சிலையின் முகத்துக்கு அது வழிகாட்டிற்று. எழுத்தாளருக்கோ மரக்கரண்டி ஒன்று கிடைத்தது. அதன் பிடியின் அடியிலே சின்னஞ்சிறு சப்பாத்து ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. 1937இல் வெளியிட்ட நூலிலே பிரெத்தோன் இச்சம்பவத்தை விரிவாக ஆராய்ந்தார். மனம் தன்னை அறியாமலே தேடிக்கொண்டிருப்பதைக் கண் முந்திக் கண்டுபிடிக்கின்றது என்பது அவர் கருத்து. அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவை 2003இல் துறுவோ ஏலசாலையில் ஏலம் விடப்பட்டன. அவருடைய எழுத்தறையின் ஒரு சுவர், அதிலிருந்த பொருள்களுடன், பொம்பிடு நிலையத்தின் சேகரிப்பிற் சேர்ந்தது.

கண்டுபிடிப்பு இருக்கும் இடத்தில் ஏமாற்றும் இருக்கும். பழம்பொருளை அறிவதற்குக் கைகண்ட சில வழிகள் உள்ளன. பச்சை மரம் உலர உலர, இழைக்குக் குறுக்காகச் சுருங்கும். ஆகவே இருநூறாண்டு கண்ட வட்டமேசை சிறிது நீள்வட்டமாயிருக்கும். அளந்து பார்க்க மிகச் சரியான வட்டமாயின் ஐயுறவு கொள்ளுதல் நன்று. இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பலகையைத் தடவிப் பார்த்தால், கைவாளின் தடம் நேர்கோடாகவும், இயந்திர வட்டவாளின் தடம் வளைகோடாகவும் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் தச்சர் சங்கம், தம் உறுப்பினர் தளபாடத்தில் முத்திரை பதித்தல் வேண்டுமென விதித்திருந்தது. வெள்ளிப் பாத்திரங்களில் 1838ஆம் ஆண்டு முதல் மினேர்வா தேவதையின் தலை பொறிக்கப்படுகின்றது. முகத்தைப் பாராமல் முதுகைப் பார்ப்பவனே பழம்பொருள் வாங்கத் தகுதியுடையவன்.

ஆயினும் முத்திரை அறிந்தவன் பொய் முத்திரையும் அறிவான். ஓர்லெயான் நகரத்து மெய்ல்பேர் என்பவர் பல்லாண்டுகளாகப் போலித் தளபாடங்களைச் செய்து விற்றார். அது போதாதென்று, உலகில் வாழ்ந்தேயிராத பழந்தச்சர் ஒருவரையும் கற்பனையிற் படைத்து, அவர் பெயராலும் தளபாடம் செய்தார். 1935இல் அவரே எல்லாவற்றையும் நூலாக எழுதி வெளியிட்டார். இதில் ஏமாறுபவர் ஏழை வாங்குநர் மட்டுமல்லர். லூவர் நூதனசாலையே 1896இற் பண்டைக்காலப் பொன்முடி என்று நம்பி, 200,000 பிராங் கொடுத்து ஒரு முடியை வாங்கிற்று. அது ஒடெசா நகரத்துப் பொற்கொல்லர் ஒருவர் அண்மையிற் செய்தது என்பது 1903இல் வெளிப்பட்டது. வெர்சாய் அரண்மனை வாங்கிய பழங்கதிரைகள் சில போலியென்பது 2016இல் வெளிவந்தது. அறிஞர் குழு ஏமாறும் இடத்திலே, சந்தைக்குச் செல்பவர் தமக்குப் பிடித்த பொருளைத் தமக்குக் கட்டுப்படியான விலைக்கு வாங்குவதே அறிவுடைமையாகும். பெரும்புதையல் கிடைக்கும் என்ற எண்ணத்துடன் செல்பவரையே போலி வியாபாரி எதிர்பார்த்திருக்கின்றான்.

பேரம் பேசுதல் இச்சந்தையின் மரபு. ஆனால் அதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. வியாபாரிக்கு வணக்கம் சொல்லாமற் பொருளைத் தொடுதல் மரியாதைக் குறைவாகக் கருதப்படும். பொருளை இகழ்ந்து விலையைக் குறைக்க முயல்பவரைவிட, விரும்பிப் பார்த்து, “இதற்கு இறுதி விலை என்ன?” என்று அமைதியாகக் கேட்பவருக்கே பெரும்பாலும் விலை குறையும். பழம்பொருள் விற்போர், தாம் எவரிடமிருந்து எதனை வாங்கினர் என்பதைப் பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். திருட்டுப் பொருள் சந்தைக்குள் நுழைந்து மறைந்துவிடாமற் காப்பதற்காக ஏற்பட்ட விதி இது.

சந்துவானிற் கிடைக்காத எளிமையை நாடுவோர் நகரின் தெற்கெல்லையிலுள்ள வான்வ் சந்தைக்குச் செல்வர். சனி, ஞாயிறு காலைகளில் இரு தெருக்களின் நடைபாதையிற் கடைகள் பரப்பப்படும். பிற்பகலில் எல்லாம் மறைந்துவிடும். கிழக்கேயுள்ள மொந்த்ருய் வாயிலிலே பழந்துணி மிகுதி. நகரின் உள்ளே அலிக்ர் சதுக்கத்திற் காய்கறிக் கடைகளின் அருகிலேயே பழைய புத்தகமும் பீங்கானும் நிலத்திற் பரப்பப்பட்டிருக்கும். சந்துவான், வான்வ், மொந்த்ருய் ஆகிய மூன்றும் பழைய மதிலின் வாயில்களுக்கு அருகே அமைந்திருப்பது தற்செயலன்று. மதில் 1919ஆம் ஆண்டு முதல் இடிக்கப்பட்டது. வலயத்துக் குடில்களும் நாளடைவில் அகற்றப்பட்டன. 1973இல் நிறைவெய்திய சுற்றுப் பெருஞ்சாலை பெரும்பாலும் அந்நிலத்தின்மீதே ஓடுகின்றது. மதில் போயிற்று, குடில் போயிற்று, சந்தை மட்டும் மதிலின் நிழல்போல அதே இடத்தில் எஞ்சி நிற்கின்றது.

இங்கேதான் இவ்வரலாற்றின் உறுத்தலான பகுதி தொடங்குகின்றது. சந்துவான் சந்தை 2001ஆம் ஆண்டிலே பாரம்பரியப் பாதுகாப்புப் பெற்ற பகுதியாக்கப்பட்டது. அதன் ஒழுங்கைகளும் கொட்டில்களும் விரும்பியவாறு இடிக்கப்படாமற் காக்கப்படுகின்றன. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், மூட்டையைச் சுமந்து வந்து நிலத்திற் பரப்பிய அந்தக் கந்தை பொறுக்குவோன் இன்று வந்தால், அங்கே அவனுக்கு இடம் உண்டா? கடைகளின் வாடகை அவனுக்கு எட்டாதது. அவன் விற்கும் பொருளும் அங்குள்ள கண்ணாடிப் பேழைகளுக்குப் பொருந்தாதது.

அவன் வராமலும் இல்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அதே வடக்கெல்லையில், மொன்மார்த்ர் வாயிலருகே, பெருஞ்சாலைப் பாலத்தின் அடியில் ஏழைகள் பலர் நடைபாதையிற் பழம்பொருள் விற்கலாயினர். ஓய்வூதியம் போதாத முதியோரும், வேலையற்றோரும், பிறநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் அவர்களுள் இருந்தனர். பாரிஸ் நகரத்துக் குப்பைத்தொட்டிகளிற் கிடைத்தவையே அவர்களின் சரக்கு. பொலிசார் வந்தால் விரிப்பின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடுவர். போனபின் மீண்டும் விரிப்பர். அவர்களைக் குறிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கிய ‘பிஃபன்’ என்னும் பழைய கொச்சைச் சொல்லே மறுபடியும் வழக்குக்கு வந்தது. நீண்ட வாதங்களுக்குப் பின்னர், 2009இல் மாநகரசபை அப்பாலத்தடியில் 100 இடங்களைக் கோடிட்டு வரையறுத்து, பதிவு செய்தவர்கள் அங்கே விற்கலாம் என அனுமதித்தது. 1885இற் சந்துவான் நகரசபை செய்ததும் ஏறக்குறைய இதுவே. இடம் கேட்டோர் நூறு பேருக்கு மேற்பட்டோராயிருந்தமையால், எஞ்சியோர் கோட்டுக்கு வெளியே நின்றனர்.

அயலார் சிலர் இவர்களை எதிர்த்தனர். நடைபாதை அடைபடுகின்றது, குப்பை சேருகின்றது, திருட்டுப் பொருள் வருகின்றது என்பன அவர்கள் முறையீடுகள். அவை பொய்யென்று தள்ளிவிடுவதற்கில்லை. அதே முறையீடுகளே 1832இலும் 1883இலும் எழுந்தன. அன்று எவரை எதிர்த்து எழுந்தனவோ, அவர்கள் உண்டாக்கிய சந்தையே இன்று சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்று நிற்கின்றது. காலால் எற்றப்பட்ட கதிரை நூறாண்டு கழித்து நூதனசாலைக்குப் போவது போல, ஒரு தொழிலும் நூறாண்டு கழித்துத்தான் மதிக்கப்படுகின்றது. கதிரை காத்திருக்கும். மனிதன் அத்தனை காலம் காத்திருக்க இயலாது.

பாரிஸ் நகருக்கு என்றேனும் செல்லும் வாய்ப்புப் பெறும் நேயர்கள், சந்துவான் சந்தையில் ஒரு காலைப்பொழுதைச் செலவிடுதல் நன்று. பொருள் எதனையும் வாங்காமலே திரும்பலாம், அதனாற் குறைவில்லை. திரும்பும் வழியில், பெருஞ்சாலைப் பாலத்தின் அடியிலே ஒரு பழைய போர்வையை விரித்து, இரண்டு கோப்பைகளையும் ஒரு மின்விளக்கையும் ஒரு சோடிச் சப்பாத்தையும் வைத்துக்கொண்டு எவரேனும் நின்றால், அவரருகிலும் சிறிது நேரம் நிற்றல் வேண்டும். அரண்மனைத் தளபாடம் விற்கும் அந்தப் பெருஞ்சந்தையும் ஒரு காலத்தில் இப்படி ஒரு போர்வையின் மீதுதான் தொடங்கிற்று.